முதலில் ஸ்கிரிப்டைப் பாருங்கள்: பார்மசி பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பார்மசி பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஆராய்ச்சி முறையியல் தாளுக்கு வகுப்பெடுப்பவள் நான். அந்தத் தாளின் அகமதிப்பீட்டில் ஒரு பங்கை, மாணவர்களே தயாரிக்கும் சிறு வீடியோக்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். ஒருமுறை கூட்டத்தில் சொல்லிப் பார்த்தேன். "வீடியோ எல்லாம் ஆண்டுவிழாவுக்குச் சரி, தாளுக்கு எதற்கு?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். அது கேட்க வேண்டிய கேள்விதான். பதில் சொல்ல எனக்கு அன்று இரண்டு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. அதனால் எழுத்தில் சொல்கிறேன்.

ஒரு விடைத்தாளிலிருந்து தொடங்குகிறேன். பி-மதிப்பு என்றால் என்ன என்று தேர்வில் கேட்டிருந்தேன். ஒரு மாணவியின் விடை அச்சில் வார்த்ததுபோல் இருந்தது: இரண்டு மருந்துகளுக்கும் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இப்போது கிடைத்த அளவுக்கோ அதைவிடக் கூடுதலாகவோ வித்தியாசம் தற்செயலாகத் தென்படுவதற்கான நிகழ்தகவு. முழு மதிப்பெண் போட்டேன். மூன்று வாரம் கழித்து அதே மாணவி தன் குழுவுக்காக எழுதிய வீடியோ ஸ்கிரிப்டில் இப்படி ஒரு வரி: "பி-மதிப்பு 0.05க்குக் கீழே இருக்கிறது. ஆகவே இந்த மருந்து வேலை செய்வதற்கு 95 சதவீத வாய்ப்பு உண்டு."

அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆய்வுக் கட்டுரை எழுதிப் பழகியவர்களே தடுக்கி விழும் இடம் அது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் பி-மதிப்புக்காகவே தனியாக ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரு கருதுகோள் உண்மையாக இருப்பதற்கான நிகழ்தகவைப் பி-மதிப்பு சொல்லாது என்று அதில் வெளிப்படையாக எழுத வேண்டியிருந்தது. எனக்கு உறுத்தியது என் பங்குதான். மனப்பாட விடைக்கு முழு மதிப்பெண் போட்டு, அந்தத் தவறான புரிதலுக்கு நானே தேர்ச்சி கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

தேர்வில் மாணவருக்கு எதிரே இருப்பது நான். எனக்கு விடை தெரியும் என்பது அவருக்கும் தெரியும். சொற்களைச் சரியான வரிசையில் அடுக்கிவிட்டால் மிச்சத்தை நானே நிரப்பிக்கொள்வேன். வீடியோவில் எதிரே இருப்பது ஒன்றும் தெரியாத ஜூனியர். அவரிடம் புத்தக வாக்கியத்தை ஒப்பித்தால் அவர் அப்படியே விழிப்பார். ஆகவே வேறு சொல், வேறு உதாரணம் தேட வேண்டியிருக்கிறது. அந்தத் தேடலில்தான் குட்டு வெளிப்படுகிறது.

ஸ்கிரிப்டைத் தமிழில் எழுதலாம் என்று அனுமதித்த வருடம் இதை இன்னும் தெளிவாகப் பார்த்தேன். 'சிக்னிபிகன்ட்' என்பதை எல்லாக் குழுவும் 'முக்கியமான' என்று எழுதியிருந்தது. ரத்த அழுத்தத்தில் 1 புள்ளி குறைவதுகூடப் போதிய ஆட்களை வைத்து ஆய்வு செய்தால் புள்ளியியல்படி 'சிக்னிபிகன்ட்' ஆகிவிடும். நோயாளிக்கு அது முக்கியமா? ஆங்கிலச் சொல்லை அப்படியே பயன்படுத்தியவரை இந்தக் கேள்வி எழவே இல்லை. 'பயஸ்' என்பதைப் 'பாரபட்சம்' என்று எழுதினார்கள். அப்படி எழுதியதும், ஆய்வாளர் கெட்டவராக இருந்தால்தான் அது வரும் என்ற எண்ணமும் கூடவே ஒட்டிக்கொண்டது. தராசு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் நிறுப்பவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் எடை தப்பாகத்தான் வரும் என்று பேசிப் பேசி, கடைசியில் 'சாய்வு' என்று மாற்றினோம். நோயாளிகளைக் குலுக்கல்போலப் பிரிப்பதைக் குறிக்கும் 'ரேண்டம்' என்பதற்கு ஒரு குழு 'ஏனோதானோவென்று பிரித்தார்கள்' என்று எழுதியது. ஏனோதானோவென்று பிரிப்பதைத் தடுக்கத்தானே இத்தனை ஏற்பாடும்! இதற்கெல்லாம் மேலாக, ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும், மருந்தே இல்லாத 'பிளாசிபோ' என்பதற்குப் 'போலி மருந்து'. நாளைக்கு மருந்தாளுநராக உட்காரப் போகிறவர் போலி மருந்து என்று சொன்னால் கேட்பவருக்கு என்ன தோன்றும்? கள்ளச் சரக்கு ஞாபகம்தான் வரும். 'மருந்தில்லா மாத்திரை' என்று எழுதிச் சமாளித்தோம். அதுவும் முழுத் திருப்தி இல்லை, இருக்கட்டும்.

இவையெல்லாம் கேமராவைத் தொடுவதற்கு முன்பு நடந்தவை. என் வாதமே இதுதான். வீடியோவின் பயன் பெரும்பாலும் வீடியோவுக்கு முன்பே கிடைத்துவிடுகிறது. ஆனால் வீடியோ வரப்போகிறது என்ற நெருக்கடி இல்லாமல் அந்த ஸ்கிரிப்டை யாரும் அவ்வளவு சிரத்தையாக எழுதுவதில்லை. வெறும் கட்டுரை கேட்டுப் பார்த்தேன், புத்தகத்தை வெட்டி ஒட்டித் தந்தார்கள்.

முதல் வருடம் நான் இதைச் செய்த விதம் படுமோசம், அதையும் சொல்லிவிட வேண்டும். "ஏதாவது ஒரு தலைப்பில் 15 நிமிட வீடியோ" என்று கேட்டேன். மதிப்பெண்ணில் பாதி 'அளிக்கும் விதத்துக்கு'. வந்தவை: பின்னணி இசை, பறந்து வரும் எழுத்துகள், ஸ்லைடைப் பார்த்து ஒரே குரலில் வாசிப்பு. நல்ல போனும் எடிட்டிங் தெரிந்த அண்ணனும் வாய்த்த மாணவர் முதலிடம் பெற்றார். அவர் வீடியோவில் கோஹார்ட் ஆய்வுக்கும் (ஒரு குழுவைத் தொடர்ந்து கவனிப்பது) கேஸ்-கன்ட்ரோல் ஆய்வுக்கும் (நோய் வந்தவரையும் வராதவரையும் ஒப்பிட்டுப் பின்னோக்கித் தேடுவது) விளக்கம் இடம் மாறியிருந்தது. படம் அவ்வளவு பளபளப்பாக இருந்ததால் முதல்முறை பார்க்கும்போது நானே கவனிக்கவில்லை. ஆண்டுவிழாச் சிரிப்பு சிரித்தவர்கள் மனத்தில் இப்படிப்பட்ட வீடியோதான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு மதிப்பெண் கொடுக்க நானும் ஒப்ப மாட்டேன்.

இப்போது செய்வது வேறு மாதிரி. மூன்று நான்கு பேர் கொண்ட குழு. ஒரு கருத்து, அதைக் காட்ட உண்மையில் நடந்த ஓர் ஆய்வு. ஆறு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. அதென்ன ஆறு என்றால், எட்எக்ஸ் இணைய வகுப்புகளில் 69 லட்சம் பார்வைகளை அலசி 2014இல் ஓர் ஆய்வு வந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், பார்ப்பவர் அதில் நிலைத்திருக்கும் நேரத்தின் இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. இதை வகுப்பில் சொன்னதும் பின்வரிசையிலிருந்து ஒருவர், "மேடம், நீளமான வீடியோ என்றால் அது கஷ்டமான பாடமாகவும் இருக்கலாமே? நீளத்தால்தான் ஓடிப்போனார்கள் என்று எப்படிச் சொல்வது?" என்று கேட்டார். இப்படி இடையில் புகுந்து காரணத்தைக் குழப்பும் குழப்பக் காரணி பற்றி அன்று தனியாக வகுப்பெடுக்க வேண்டிய தேவை இல்லாமல் போனது. அப்புறமும் ஆறு நிமிடம் என்ற வரம்பை நான் மாற்றவில்லை. திருத்துகிற எனக்கும் உயிர் இருக்கிறதே.

ஒரு குழுவின் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தலைப்பு, ஒப்பீட்டு ஆபத்தும் முழுமையான ஆபத்தும். எடுத்துக்கொண்ட நிகழ்வு, பிரிட்டனில் 1995 அக்டோபரில் எழுந்த கருத்தடை மாத்திரைப் பீதி. மூன்றாம் தலைமுறை மாத்திரைகளால் ரத்தக்கட்டு ஆபத்து இரண்டு மடங்காகிறது என்று அங்குள்ள மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. செய்தி பரவியதும் பல பெண்கள் பயந்துபோய் மாத்திரையையே நிறுத்திவிட்டார்கள்.

குழுவின் முதல் ஸ்கிரிப்டில் "ஆபத்து 100 சதவீதம் அதிகரித்தது" என்று இருந்தது, அதுவும் சிவப்பு எழுத்தில் போடச் சொல்லிக் குறிப்போடு. ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பிக் கொடுத்தேன்: எதிலிருந்து எதற்கு? தேடிக்கொண்டு வந்தார்கள். முந்தைய மாத்திரைகளில் 7,000 பேருக்கு ஒருவர், புதியவற்றில் 7,000 பேருக்கு இருவர். இரண்டு மடங்கு என்பது பொய்யில்லை. 7,000 பேரில் கூடுதலாக ஒருவர் என்பதும் பொய்யில்லை. கேட்பவர் எடுக்கும் முடிவு மட்டும் இரண்டிலும் வேறாகிறது. அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடின என்று பின்னாளில் மதிப்பிட்டார்கள். கருத்தரித்தலும் ரத்தக்கட்டு ஆபத்தைக் கூட்டும், அந்த மாத்திரைகள் கூட்டுவதைவிட அதிகமாகவே.

இதைப் படமாகக் காட்ட வேண்டும் என்று 7,000 புள்ளிகள் போட்டார்கள். ஒரே சட்டகத்தில் எல்லாப் புள்ளியும் வந்தால் சிவப்புப் புள்ளி கண்ணுக்கே தெரியவில்லை. சிவப்புப் புள்ளி தெரியும்படி நெருங்கிப் போனால், அதைச் சுற்றி ஏழெட்டுப் புள்ளிதான் தெரிகிறது, ஆபத்து பயங்கரமாகத் தோன்றுகிறது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். "எங்கே நின்று எடுத்தாலும் ஏமாற்றுகிற மாதிரியே இருக்கு மேடம்" என்றாள் ஒருத்தி. ஒரு எண்ணை மக்கள்முன் எப்படி வைப்பது என்ற சிக்கலை இதைவிட நன்றாக நான் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. கடைசியில் இரண்டு ஷாட்டையும் அடுத்தடுத்து வைத்தார்கள், "இரண்டும் ஒரே படம்" என்ற ஒரே வசனத்தோடு.

வேறு எந்தத் துறையைவிடவும் இது பார்மசிக்கு அவசியம் என்று நான் நினைப்பதற்குக் காரணம் இந்த நிகழ்விலேயே இருக்கிறது. செய்தியைப் படித்துவிட்டுப் பயந்து வருகிறவர் முதலில் நிற்பது மருந்தாளுநர் முன்னால். அவரிடம் நம்பக இடைவெளியின் (உண்மை அளவு எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று காட்டும் கணக்கு) வரையறையைச் சொல்லிப் பயனில்லை. இரண்டு நிமிடத்தில், உண்மை கெடாமல், அவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். ஸ்கிரிப்ட் எழுதுவது அதற்கான ஒத்திகை.

இன்னொரு குழு 1948இன் ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வை எடுத்தது. காசநோயாளிகள் 107 பேர்: 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் முதல் குழுவில் 4 பேர் இறந்தார்கள், இரண்டாவதில் 14 பேர். யாருக்கு எது என்பதைப் புள்ளியியலாளர் பிராட்ஃபர்ட் ஹில் சீரற்ற எண்களைக் கொண்டு முன்கூட்டியே தீர்மானித்து, ஒட்டிய உறைகளில் வைத்திருந்தார். மாணவர்கள் இதை நடித்துக் காட்ட நினைத்தார்கள். ஸ்கிரிப்டில் 'கண்கட்டு முறை', அதாவது யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது தெரியாமல் வைப்பது, என்று எழுதியிருந்தது. நடிக்கத் தொடங்கியபோது ஒத்திகையிலேயே முட்டிக்கொண்டது. ஒருவருக்கு ஊசி போடுகிறார்கள், இன்னொருவருக்குப் போடவில்லை. ஊசி போட்டுக்கொள்பவருக்கும் தெரியும், மருத்துவருக்கும் தெரியும். அப்படியானால் கண்கட்டு எங்கே?

உறை மறைப்பது வேறு ஒன்றை. அடுத்து வருபவர் எந்தக் குழுவுக்குப் போவார் என்பது, அவரை ஆய்வில் சேர்க்கும்வரை சேர்ப்பவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால், பலவீனமான நோயாளியைப் பார்த்து மனம் இளகி அடுத்த உறைக்குக் காத்திருக்கச் சொல்லிவிடுவார். கண்கட்டு என்பது அதற்குப் பிறகு வருவது. அந்த ஆய்வில் எக்ஸ்ரே படங்களைப் பார்த்து மதிப்பிட்டவர்களுக்கு யார் எந்தக் குழு என்று சொல்லப்படவில்லை. ஒதுக்கீட்டை மறைப்பதையும் சிகிச்சையை மறைப்பதையும் என் மாணவர்கள் எத்தனையோ வருடமாகத் தேர்வில் குழப்பிக்கொண்டு வந்திருக்கிறார்கள். கையில் உறையோடு நின்றபோது குழப்பம் பத்து நிமிடத்தில் தீர்ந்தது.

இதயத்துடிப்பு மருந்துகளைச் சோதித்த காஸ்ட் (CAST) ஆய்வை எடுத்த குழு பற்றி இரண்டு வரி போதும். மாரடைப்புக்குப் பிறகு வரும் இதயத்துடிப்புக் கோளாறை அடக்கிய என்கைனைடு, ஃபிளெகைனைடு மருந்துகள். 1991இல் வந்த அறிக்கைப்படி மருந்து எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்தார்கள், பிளாசிபோ எடுத்த 743 பேரில் 26 பேர். தோராயமாக 21 பேருக்கு ஒருவர் கூடுதலாக இறந்திருக்கிறார் என்று தாங்களே கணக்குப் போட்டு எழுதியிருந்தார்கள். மாற்றுக் குறியீடு (உயிர் பிழைப்பது போன்ற உண்மையான பலனுக்குப் பதிலாக அளக்கும் அடையாளம்) என்ற தலைப்புக்கு அவர்கள் வைத்த கடைசி வசனம்: "ஈசிஜி நன்றாகத்தான் இருந்தது, ஆள்தான் இல்லை."

சரி, நீங்கள் கேட்கக்கூடியவற்றுக்கு வருகிறேன். நேரம் எங்கே என்பீர்கள். புதிதாக மணிநேரம் கேட்கவில்லை. இப்போது இருக்கும் இரண்டு ஒப்படைப்புகளில் ஒன்றை எடுத்துவிட்டு இதை வையுங்கள், அவ்வளவுதான். எடிட்டிங் கற்றுக்கொள்ளவே நேரம் போய்விடும் என்ற கவலை நியாயமானது. அதனால் போனில் ஒரே இடத்தில் வைத்து எடுத்ததே போதும், வெள்ளைத்தாளில் வரைந்து காட்டினால் போதும், எடிட்டிங்குக்கு மதிப்பெண்ணே கிடையாது என்று ஆக்கிவிட்டேன். கேமராமுன் நிற்கக் கூச்சப்படுபவர் குரல் கொடுக்கலாம், கை மட்டும் தெரியலாம். முகம் காட்டுவது யாருக்கும் கட்டாயமாகக் கூடாது.

தவறான வீடியோ பரவிவிடுமே என்பது இன்னும் கனமான கவலை. முதல் வருட அனுபவத்துக்குப் பிறகு எனக்கும் அந்தப் பயம் உண்டு. எனவே ஸ்கிரிப்டில் நான் கையெழுத்திடாமல் படம்பிடிப்பு இல்லை. எடுத்த பிறகும் இன்னொரு குழு அதைப் பார்த்து, அதை மட்டுமே வைத்து ஒரு கணக்கையோ கட்டுரைச் சுருக்கத்தையோ அலச வேண்டும். அவர்கள் தடுமாறினால் வீடியோவில் ஓட்டை இருக்கிறது என்று பொருள். பொதுவெளியில் போடுவது மாணவர்கள் எழுத்தில் சம்மதித்தால் மட்டும். மருத்துவமனைப் பயிற்சியில் எடுத்த படமோ, பெயர் தெரியும் மருந்துச் சீட்டோ, மாத்திரைப் பெட்டி லேபிளோ எதுவும் உள்ளே வரவே கூடாது. 'மங்கலாக்கிவிட்டோம்' என்பதையும் நான் ஏற்பதில்லை.

செயற்கை நுண்ணறிவு ஒரு நொடியில் ஸ்கிரிப்ட் எழுதித் தந்துவிடுமே என்று கேட்பீர்கள். தருகிறது, தடுக்கவும் முடியவில்லை. அதனால் ஒவ்வொருவரிடமும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, ஸ்கிரிப்டில் ஏதோ ஒரு வரியைக் காட்டி "இதை ஏன் இப்படி எழுதினீர்கள், முதலில் எப்படி இருந்தது?" என்று கேட்கிறேன். முதல் வரைவு இல்லாதவர் அங்கேயே திணறுவார். மதிப்பெண்ணில் பெரும்பங்கு முதல் வரைவுக்கும் கடைசி வரைவுக்கும் இடையில் என்ன மாறியது என்பதற்குத்தான். இதனால் முதல் வரைவில் தப்பு இருப்பது அவமானமாக இல்லாமல் போனது. தப்பே இல்லாத முதல் வரைவு வந்தால்தான் இப்போது எனக்குச் சந்தேகம் வருகிறது.

வீடியோவால் ஆகாதவையும் நிறைய. மாதிரி அளவைக் கணக்கிடுவது, குளறுபடியான தரவைச் சுத்தம் செய்வது, நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதுவது, இவையெல்லாம் உட்கார்ந்து செய்து பழக வேண்டியவை. ஒரு வீடியோ எடுத்ததால் யாருக்கும் ஆராய்ச்சி செய்ய வந்துவிடாது. ஆகவே முழுத் தாளையும் வீடியோமயம் ஆக்குங்கள் என்று யாராவது வந்து கேட்டால் மறுத்துவிடுங்கள்.

என் வார்த்தையை நம்பி நீங்கள் இதை ஏற்கக் கூடாது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். மாணவர்களுக்குப் பிடித்திருந்தது, வகுப்பு கலகலப்பாக இருந்தது என்பதெல்லாம் ஆதாரத்தில் சேராது. மேலே சொன்ன சம்பவங்களும் நான் பொறுக்கி எடுத்தவை. சொதப்பிய குழுக்களைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை பாருங்கள். ஆராய்ச்சி முறையியல் கற்பிப்பவர்கள் தங்கள் கற்பிக்கும் முறையை மட்டும் சோதிக்காமல் விடுவது வேடிக்கை. எனவே ஒரு பருவம் சோதனையாக நடத்த அனுமதி கொடுங்கள். வகுப்பைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கலாம். ஒரு தலைப்புக்கு முதல் பாதி வீடியோ தயாரிக்கட்டும், இரண்டாம் பாதி வழக்கமான ஒப்படைப்பு எழுதட்டும். அடுத்த தலைப்புக்கு இதை மாற்றிப் போட்டால் யாருக்கும் அநியாயம் இல்லை. தலைப்பு முடிந்ததும் ஒரு தேர்வு, இரண்டு மாதம் கழித்து முன்னறிவிப்பில்லாமல் இன்னொன்று. கேள்விகள் வரையறை கேட்பவையாக இல்லாமல், முன்பின் பார்க்காத ஒரு கட்டுரைச் சுருக்கத்தைக் கொடுத்து அலசச் சொல்பவையாக இருக்கட்டும். விடைத்தாளைத் திருத்துபவருக்கு யார் எந்தப் பாதி என்று தெரியக் கூடாது, முக்கியமாக அது நானாக இருக்கக் கூடாது. ஒரு பாதி எடுத்த வீடியோவை மறுபாதி விடுதி அறையில் பார்த்துவிடும் என்பது இந்தத் திட்டத்தில் உள்ள பெரிய ஓட்டை. அதை அடைக்க எனக்கு வழி தெரியவில்லை, உங்களில் யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள். இரண்டு மாதத் தேர்வில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்றால், இந்தக் கோரிக்கையை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அடுத்த கூட்டத்துக்கு மூன்று குழுக்களின் ஸ்கிரிப்டுகளை முதல் வரைவோடும் கடைசி வரைவோடும் சேர்த்துக் கொண்டு வருகிறேன், ஓரத்தில் என் கிறுக்கல்கள் அப்படியே இருக்கும். அவற்றில் ஒன்று சொதப்பிய குழுவினுடையது. அரைமணி நேரம் ஒதுக்கித் தாருங்கள். வீடியோவைக் கடைசியில் நேரமிருந்தால் போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஆராய்ச்சி முறையியல் வகுப்பெடுக்கும் ஓர் ஆசிரியை